வளைகோடு என்னும் புதிய ஊழ்

சில வாரங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். பேச்சாளர் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். இடது ஓரத்தில் மாட்டுவண்டி. பிறகு பாய்மரக் கப்பல், நீராவி ரயில், விமானம், ராக்கெட். கோடு ஏறிக்கொண்டே சென்று வலது ஓரத்தில் செவ்வாய்க் குடியிருப்பில் முடிந்தது. நூற்றாண்டுகளின் போக்கு இது, மனிதன் விண்வெளியில் பரவுவது தவிர்க்க முடியாதது என்றார். அடுத்து இராஜேந்திர சோழன் வந்தான். கடல் கடந்தவனின் வழித்தோன்றல் விண் கடப்பான் என்றதும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என் பக்கத்தில் இருந்த மாணவி கைதட்டவில்லை. அவளுக்கு அச்சங்குளம் பக்கம். தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி. வெளியே வரும்போது, "தவிர்க்க முடியாதுன்னா, நாம யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லையா ஐயா?" என்று கேட்டாள். அன்று நான் பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லி நழுவினேன். இப்போது பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். விண்வெளிப் பயணத்தின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. என் வழக்கு 'தவிர்க்க முடியாதது' என்ற சொல்லோடு மட்டுமே. நெடுங்கால வரலாற்றுப் போக்கு என்று சொல்லி அதை நிறுவ முயல்பவர்கள் வரலாற்றைப் படிக்கவில்லை. அதிலிருந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

கடலிலிருந்தே தொடங்குவோம். 1025-ஆம் ஆண்டு இராஜேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்றது. அன்று சோழ அவையில் ஒரு கணக்கர் இருந்து, ஈழம் முதல் கடாரம் வரை ஒரு கோடு இழுத்து அதை முந்நூறு ஆண்டு நீட்டியிருந்தால் என்ன கண்டிருப்பார்? கீழ்க்கடல் முழுவதும் புலிக்கொடியைக் கண்டிருப்பார். ஆனால் அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் சோழப் பேரரசே இல்லாமல் போயிற்று.

இன்னும் பொருத்தமான சான்று ஒன்று நம் மொழியிலேயே கல்லில் இருக்கிறது. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில், 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. நாட்டியவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. சீனப் பகுதி புத்தரைப் போற்ற, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. 1405 முதல் 1433 வரை அவர் தலைமையில் ஏழு பெரும் பயணங்கள் நடந்தன. ஆப்பிரிக்கக் கரை வரை சென்றன. அதற்குப்பின் நின்றுபோயின. கப்பல் கட்டத் தெரியாமல் போனதாலோ, கடல்வழி மறந்ததாலோ அல்ல. செலவு போதும் என்று மிங் அரசவை முடிவெடுத்தது, அவ்வளவுதான். அறுபது ஆண்டு கழித்து மூன்று சிறிய கப்பல்களோடு புறப்பட்ட கொலம்பஸ்தான் வளைகோட்டில் இடம்பெறுகிறார். செங் ஹே இடம்பெறுவதில்லை. நின்றுபோனவற்றையெல்லாம் அழித்துவிட்டு வரைந்தால் எந்தக் கோடும் ஏறுமுகமாகத்தான் இருக்கும்.

அடுத்து ராக்கெட்டுக்கு வருவோம். வெடிமருந்து மண்ணில் வாழ்பவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நம் தெருப்பிள்ளைகள் தீபாவளிக்குப் புட்டியில் செருகிவிடும் ராக்கெட்டின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனாவில் பறந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படை அதற்கு இரும்புக் குழாய் பூட்டியது. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததற்கு அந்த ராக்கெட்டுகளே காரணம் என்பார்கள். அவற்றைப் பார்த்து இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீரங்கி மேம்பட்டதும் ராக்கெட் போர்க்களத்திலிருந்து ஒதுங்கிவிட்டது. 1900-இல் ஒருவர் ராக்கெட்டின் நெடுங்காலப் போக்கை வரைந்திருந்தால் அது இறங்குமுகமாகவே இருந்திருக்கும். அதன்பின் அறுபத்தொன்பதே ஆண்டுகளில் மனிதன் நிலவில் நின்றான்.

சரி, 1969-இல் வரைந்தவர்கள்? நிலவு ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரௌன் அந்த ஆண்டே, 1982-இல் மனிதர் செவ்வாயில் இறங்கலாம் என்று திட்டம் கொடுத்தார். அவரைவிட அத்தொழிலை அறிந்தவர் யார்? ஆனால் 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியதோடு நிலவு நடை நின்றது. நடந்தவர் மொத்தம் பன்னிரண்டே பேர். காரணம் எளியது. அந்தக் கோட்டை மேலே தூக்கியது நெடுங்காலப் போக்கு அல்ல. 1961 மே மாதம் கென்னடி அறிவித்த ஒரு முடிவும், அதற்குப் பின்னிருந்த பனிப்போரும். அமெரிக்க நடுவண் அரசின் செலவில் நாசாவின் பங்கு 1966-இல் நான்கு விழுக்காட்டைத் தாண்டியது. இன்று அது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. முடிவு மாறியது, கோடு சரிந்தது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. இந்தியக் குடிமகன் விண்வெளி சென்றது 1984-இல், ராகேஷ் சர்மா. அடுத்தவர் 2025-இல், சுபான்ஷு சுக்லா. இடைவெளி நாற்பத்தொரு ஆண்டு. இரண்டு புள்ளிகள் வழியே கோடு இழுத்தால் மூன்றாமவர் 2066-இல் போகவேண்டும்! யாரும் இதை ஏற்கமாட்டார்கள், நானும்தான். ஏனென்றால் இந்த இடைவெளி இயற்கை விதியன்று. மனிதரை அனுப்பும் போட்டியில் நாம் இறங்க வேண்டியதில்லை, மக்கள் வாழ்வுக்குப் பயன்படும் விண்வெளித் தொழில்நுட்பமே வேண்டும் என்று விக்ரம் சாராபாய் தெரிந்தே எடுத்த நிலைப்பாட்டின் நிழல் அது. 2018-இல் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது, ககன்யான் பிறந்தது. 2022-க்குள் என்று அப்போது குறித்தார்கள். 2022 வந்துபோயிற்று.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ஏவுசெலவு குறைந்து வருகிறதே, 2015 முதல் ராக்கெட்டுகள் திரும்பிவந்து தரையிறங்குகின்றனவே, அது போக்கு இல்லையா? போக்குதான், மறுக்கவில்லை. 2000 நவம்பர் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இடைவிடாது மனிதர் இருந்து வருவதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவு குறைவது எது இயலும் என்பதைச் சொல்லுமேயன்றி எது நடக்கும் என்பதைச் சொல்லாது. ஒலியைவிட விரைந்து பயணிகளைச் சுமந்த கன்கார்டு விமானம் இயன்றது, கால் நூற்றாண்டுக்கும் மேல் பறந்தது, 2003-இல் நின்றது. மலிந்த ராக்கெட்டுகளில் இன்று கூட்டங்கூட்டமாக ஏறிச் செல்பவை செயற்கைக்கோள்களே; மனிதர்கள் அல்லர்.

இத்தனையும் அறிவுப்பிழை மட்டும்தான் என்றால் நான் எழுத முனைந்திருக்க மாட்டேன். வளைகோட்டுக்கு ஓர் அறப்பிழையும் உண்டு. அது உயரத்தை மட்டும் அளக்கிறது, தரையைப் பார்ப்பதில்லை. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலத்தில் இறந்த கல்பனா சாவ்லாவை எங்கள் மாணவர் அனைவரும் அறிவர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளத்தில் ராக்கெட் தீப்பற்றி இறந்த 21 பேரையோ, 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் விபத்தில் இறந்த ஆறு பேரையோ யார் அறிவார்? எரிபொருளையும் அதை எரிக்கும் உப்பையும் ஒன்றாகக் கலந்து அடைப்பதுதான் அங்கும் தொழில், இங்கும் தொழில். கலவை வேறு, தூய்மை வேறு, காவல் வேறு; நெருப்பு ஒன்றுதான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல். ஒவ்வொரு முறையும் செய்தியில் ஒரு சொல் வரும்: 'உராய்வு'. மருந்து உராய்ந்தது, வெடித்தது. எழுவாய் மருந்து, மனிதர் எவரும் வாக்கியத்தில் இல்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அவற்றை மீறுவதும், உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவதும் யாரோ எடுக்கும் முடிவுகள். ஆனால் தேநீர்க்கடையில் கேட்டுப் பாருங்கள், "இந்தத் தொழில்ல இதெல்லாம் தவிர்க்க முடியாதுங்க" என்பார்கள். கருத்தரங்கில் செவ்வாய்க்குச் சொல்லப்பட்ட அதே சொல்! கொலம்பியா சிதறியபோது காற்றின் உராய்வு என்று சொல்லி எழுந்துபோகவில்லை. விசாரணைக் குழு, கழன்று விழுந்த நுரைத் துண்டோடு நிறுவனத்தின் பழக்கவழக்கங்களையும் காரணமாக எழுதியது. இரண்டாண்டுக்கு மேல் விண்ணோடங்கள் பறக்கவில்லை. அச்சங்குளத்துக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த நோயை நான் அறிவேன். இதற்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு: ஊழ். வளைகோடு அதன் புதிய பெயர். கணித உடை உடுத்திவந்த ஊழ். வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழை எழுதியவர், 62-இல் ஆள்வினையுடைமையையும் எழுதினார். நம் பேச்சாளர்கள் 62-ஐக் கிழித்துவிட்டு 38-ஐ மட்டும் திரையில் காட்டுகிறார்கள்.

எங்கள் மாவட்டமே இதற்குச் சான்று. 1900-இல் எந்தப் போக்கை நீட்டியிருந்தாலும், மழை பொய்க்கும் இந்தக் கரிசலில் நாட்டின் பெரும்பகுதிப் பட்டாசு உருவாகும் என்று தெரிந்திருக்காது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவர முடிவுசெய்தார்கள். வறண்ட காற்று துணைநின்றது, முடிவு மனிதருடையது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அப்படித்தான். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்ற நில அமைப்பு அங்கு என்றும் இருந்தது. முடிவு இப்போதுதான் வந்தது.

எனவே அந்த மாணவிக்கு என் பதில் இது. மனிதன் செவ்வாய்க்குப் போவானா என்பது எனக்குத் தெரியாது; வளைகோடு காட்டியவருக்கும் தெரியாது. போவதென்றால் யாரோ முடிவெடுப்பார்கள், யாரோ பணம் கொடுப்பார்கள், யாரோ மருந்து அடைப்பார்கள். அந்த முடிவில் மருந்து அடைப்பவருக்கும் ஒரு சொல் இருக்கவேண்டும் என்று கேட்பதே உன் வேலை, என் வேலையும்கூட. தவிர்க்க முடியாதது என்று எவர் சொன்னாலும், யாருடைய முடிவு அது என்று திருப்பிக் கேள். செவ்வாயைப் பற்றிச் சொன்னாலும் சரி, அச்சங்குளத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி.