சுவரைப் பிடித்த நெடுங்காலன்

நம் வீட்டு மூலையிலே வலைகட்டி, தொட்டால் கிடுகிடுவென ஆடும் நெடுங்காற் சிலந்தியை வாசகர் அறிவர். ஐரோப்பாவிலே, பார்வைக்கு அதனையொத்த வேறோர் உயிர், 2000ஆம் ஆண்டளவிலிருந்து கட்டடச் சுவர்களைக் கைப்பற்றி வருகின்றது. ஒல்லாந்து, ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிற் பகற்பொழுதில் இது சுவர்களிலே நூற்றுக்கணக்காகக் குழுமிக் காலோடு கால் பின்னிக் கிடக்கும். எவரேனும் அணுகினாற் கூட்டம் முழுவதும் ஒருங்கே குலுங்கும். கண்டவர் அஞ்சுவதில் வியப்பில்லை.

உண்மையில் இது சிலந்தியன்று. சிலந்தியின் உடல் இடை ஒடுங்கி இருகூறாயிருக்கும். இதன் உடலோ ஒரே மணிபோன்றது. நூல் நூற்கும் உறுப்பில்லை, நஞ்சுமில்லை. கண்ணிரண்டும் முதுகின்மேற் சிறு மேடொன்றில் அமைந்து பக்கத்துக்கொன்றாக நோக்கும். பகைவன் காலைப் பற்றினால், அக்காலைக் கழற்றி விட்டு ஓடிவிடும். கழன்ற கால் சிறிதுநேரம் துடித்துப் பகைவனை ஏய்க்கும். ஆயினும், பல்லியின் வாலைப்போல அது மீண்டும் முளைப்பதில்லை. அறுவடைக் காலத்தில் மிகுந்து காணப்படுதலால் ஆங்கிலேயர் இக்குலத்தை 'அறுவடைக்காரன்' என்றனர். ஒல்லாந்தர் 'உலர்புல் வண்டி' என்பர்; ஜேர்மானியரோ 'நெசவாளனின் ஏவலாள்' என்பர். நூலே நூற்காத உயிருக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான்!

2007இல் அறிஞர் மூவர் இப்புதியவனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது, இலையோபூனம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று மட்டுமே சொல்ல முடிந்தது, இனப்பெயர் இடவில்லை. உயிரினங்களை நுணுகி ஆராய்ந்து பெயரிடுவதில் முதிர்ந்த ஐரோப்பாவிலே, கால்விரித்தாற் கையளவு தோன்றும் ஓர் உயிர் பெயர் சொல்வாரின்றி வந்து நிறைந்துவிட்டது! சிறகில்லாத இது இத்தனை நாடு கடந்ததற்கு மனிதனின் சரக்குப் போக்குவரத்தே காரணமாதல் வேண்டும்.

கடிக்குமா என்பதே பலரும் கேட்கும் முதல் வினா. மனிதருக்கு இதனால் தீங்கில்லை. மாணவர் கேட்கவேண்டிய வினா வேறு: அச்சுவரில் முன்பு வாழ்ந்தவன் எங்கே? மத்திய ஐரோப்பியச் சுவர்களில் ஒப்பீலியோ பரியேற்றீனசு என்னும் நெடுங்காலன் வாழ்ந்து வந்தது. 'சுவருக்குரியது' என்பதே அவ்விலத்தீன் அடைமொழியின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தெற்கிலிருந்து பரவிய அதன் உறவினமொன்று, கனெசுத்திரீனி என்பது, அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. சுவரையே பெயராகக் கொண்டவன் பல ஊர்களில் அரிதாகிவிட்டான். இப்போது அதே சுவர்களிலே இலையோபூனம் வந்து குழுமுகின்றது. இது சுவரோடு நில்லாது இயற்கையான பாறைப் புறங்களுக்கும் பரவுமாயின், அங்கு வாழும் சுதேச இனங்களுக்கு ஒதுங்க வேறு சுவரில்லை.