மூளையா? முக்காடா?

ஒரு நாட்டின் சார்பாகச் சதுரங்கம் ஆடுகிறவருக்கு என்ன யோக்கியதை வேண்டும் என்று பள்ளிக்கூடத்துச் சிறுவனைக் கேட்டாலும், "நன்றாக ஆடத் தெரிய வேண்டும்" என்றுதான் பதில் சொல்லுவான். ஆனால் மதவாதிகளும், அவர்களைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு ராஜ்யபாரம் செய்கின்ற சர்க்கார்களும் மாத்திரம் இக்கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறார்கள். "ஆட்டம் கிடக்கட்டும், தலையில் துணி இருக்கிறதா?" என்பதே அவர்களுடைய பரீட்சையாகும். இந்தப் பரீட்சையினால் ஈரான் தேசத்துச் சதுரங்கக் கோஷ்டிக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை நமது வாசகர்கள் அறிய வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

முதலில், கோஷ்டி எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். சதுரங்க ஒலிம்பியாட் என்னும் உலகப் பந்தயத்திற்கு ஒவ்வொரு நாடும் 5 பேர் கொண்ட கோஷ்டியை அனுப்புகிறது. ஒரு சுற்றில் 4 பலகைகளில் 4 பேர் ஆடுவார்கள். ஒருவர் களைத்தாலோ, நோயில் படுத்தாலோ, தொடர்ந்து தோற்றாலோ ஐந்தாமவர் அவருக்குப் பதிலாக உட்காருவார். இந்த ஐவரைப் பொறுக்குவதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த அர்பாட் ஈலோ என்பவர் வகுத்த கணக்கை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. யாரை ஜெயித்தாய், யாரிடம் தோற்றாய் என்பதை மாத்திரம் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி போடப்படுகிறது. அந்தக் கணக்குக்கு ஜாதி தெரியாது, மதம் தெரியாது, ஆண் பெண் என்பதும் தெரியாது. மனிதன் கண்டுபிடித்த தராசுகளில் இவ்வளவு மானமுள்ள தராசு வெகு சிலவே என்போம்.

இந்தப் புள்ளியும்கூட வேதவாக்கல்ல. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டில், புள்ளி அதிகமுள்ளவர்களைக் கொண்ட இந்திய முதல் கோஷ்டி நான்காவதாக வந்தது. குகேஷ், பிரக்ஞானந்தா முதலிய இளைஞர்கள் நிறைந்த இரண்டாவது கோஷ்டியோ மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றது. ஆதலால் வயதையும், அப்போதைய திறமையையும் யோசித்து ஆளை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மோசக்காரனையும் நீக்கலாம். 2010இல் நடந்த ஒலிம்பியாட்டில் தன் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் வெளியாருடன் சேர்ந்து ரகசியமாக நகர்த்தல்களைப் பெற்றாரென்று பிரெஞ்சுச் சங்கம் தானே குற்றங்கண்டு தண்டித்தது. இவையெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய காரணங்கள். இவற்றை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி ஈரானைப் பார்ப்போம். 2017இல் ஜிப்ரால்டர் பந்தயத்தில் டோர்ஸா தெரக்ஷானி என்னும் இளம்பெண் முக்காடில்லாமல் உட்கார்ந்து ஆடினார். அவருடைய தம்பி போர்னா என்னும் சிறுவன் அதே பந்தயத்தில் இஸ்ரவேல் நாட்டார் ஒருவருடன் ஆடினான். உடனே ஈரானியச் சங்கம் அக்காளையும் தம்பியையும் ஒன்றாகத் தள்ளிவைத்துவிட்டது. அக்காள் செய்த குற்றம் தலையைத் திறந்தது. தம்பி செய்த குற்றம் எதிரே உட்கார்ந்தவனோடு ஆடியது. இருவரில் யாராவது தப்பாக ஆடினார்கள் என்ற பேச்சே அங்கு எழவில்லை!

மித்ரா ஹெஜாஸிபூர் அம்மையார் 2015இல் ஆசியாவிலேயே சிறந்த பெண் ஆட்டக்காரி என்ற பட்டத்தை ஜெயித்து ஈரானுக்குக் கொடுத்தவர். 2019 டிசம்பரில் மாஸ்கோவில் அவர் முக்காட்டை எடுத்துவிட்டு ஆடினார். அடுத்த மாதமே தேசியக் கோஷ்டியிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில், முக்காடு சரியாக அணியவில்லையென்று ஈரானியப் போலீசாரால் பிடிக்கப்பட்ட மாசா அமினி என்னும் 22 வயதுப் பெண் காவலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்நாட்டுப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அவ்வருஷம் டிசம்பரில் அல்மாட்டி நகரத்துப் பந்தயத்தில் சாரா காதெம் அம்மையார் வெறுந்தலையுடன் ஆடினார். பிறகு ஸ்பெயின் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆண்பிள்ளையாவது தப்பினானா என்றால், அதுவும் இல்லை. 2019 டிசம்பரில், இஸ்ரவேல் நாட்டாருடன் ஆட நேருமென்று சொல்லி ஈரான் தன் ஆட்டக்காரர்களை மாஸ்கோ பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. இரண்டு சர்க்கார்களுக்குள்ள சண்டையின் நியாய அநியாயம் வேறு விஷயம். அதைப் பதினாறு வயதுப் பையனின் பலகைமேல் கொண்டுவந்து வைப்பது என்ன புத்தி? அலிரேஸா ஃபிரூஜா என்னும் அந்தப் பையன் ஈரானின் கொடியை விட்டுவிட்டுச் சம்மேளனத்தின் கொடியின்கீழ் ஆடி, அதே பந்தயத்தில் உலகத்தில் இரண்டாவதாக வந்தான்.

இப்படித் தள்ளியதனால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? ஃபிரூஜா 2021இல் பிரெஞ்சுக் கோஷ்டியில் சேர்ந்தார். அவ்வருஷமே ஐரோப்பியக் கோஷ்டிகளின் பந்தயத்தில் 9 ஆட்டங்களில் 8 புள்ளி எடுத்துக் கொடுத்தார். பிரான்ஸ் வெள்ளிப் பதக்கம் பெற்றது. மித்ரா அம்மையார் 2023இல் பிரான்ஸ் தேசத்தின் பெண்கள் பட்டத்தை ஜெயித்தார். அதே வருஷம் ஸ்பெயின் சர்க்கார் சாரா அம்மையாருக்குக் குடியுரிமை கொடுத்தது. டோர்ஸா அமெரிக்காவுக்கும், போர்னா இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். ஈரானுக்கு மிஞ்சியது என்ன? முக்காடு மிஞ்சியது. மூளையெல்லாம் கப்பலேறிப் போய்விட்டது. சொந்தக் கையால் தன் காய்களை எடுத்து எதிரியிடம் கொடுத்துவிட்டு, "நான் தர்மத்தைக் காப்பாற்றினேன்" என்று மார்தட்டுகிறவனை நாம் என்னவென்று சொல்லுவது?

"அது அந்த நாட்டுச் சட்டம், அந்த மதத்தின் கட்டளை, கேட்க நீங்கள் யார்?" என்று சிலர் நம்மைக் கேட்கலாம். கட்டளையின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் சதுரங்கமே சூதாட்டமென்று தடுக்கப்பட்டிருந்தது. 1988இல் கொமேனி அவர்கள், பணயம் வைக்காமல் ஆடினால் குற்றமில்லை என்று சொன்னார். உடனே நேற்றுவரை பாவமாயிருந்த ஆட்டம் இன்று பாவமில்லாததாகிவிட்டது! ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொன்னதும் மாறிவிடக் கூடிய கட்டளை மனிதர் செய்த கட்டளைதானே? பலகைக்குக் கிடைத்த மன்னிப்பு பெண்ணின் தலைமயிருக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்றுதான் நாம் கேட்கிறோம். இத்தனைக்கும், நம் நாட்டுச் சதுரங்கத்தை வாங்கி வளர்த்து அராபியருக்கும், அவர் வழியாக ஐரோப்பியருக்கும் கொடுத்தவர்களே பாரசீகர்கள்தான். அரசனுக்கு வழியில்லை என்பதற்கு உலகமெங்கும் வழங்கும் சொல்லே அவர்களுடைய "ஷா மாத்" என்பதிலிருந்து வந்தது.

நிற்க. இதைப் படித்துவிட்டு நமது இந்து சனாதனத் தோழர்கள், "பார்த்தீர்களா, முஸ்லிம்களின் மூடத்தனத்தை" என்று சந்தோஷப்பட வேண்டாம். 1930களில் இங்கிலாந்துக் கோஷ்டியின் முதல் பலகையில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் என்னும் முஸ்லிம். ஒரு ஜமீன்தாரின் வேலைக்காரராய்ச் சீமைக்குப் போனவர். அவர் 3 முறை பிரிட்டிஷ் பட்டத்தை ஜெயித்தார். அதே வீட்டு வேலைக்காரியான பாத்திமா என்னும் பெண் 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை ஜெயித்தார். ஆகவே மூளைக்கு மதமும் இல்லை, குலமும் இல்லை. அதற்குக் குறுக்கே நிற்பவர்களுக்குத்தான் அவை உண்டு.

2018இல் சௌம்யா சுவாமிநாதன் அம்மையார், ஈரானில் ஆட வேண்டுமானால் முக்காடிட வேண்டும் என்றதனால் இந்தியக் கோஷ்டியிலிருந்து தாமே விலகிக்கொண்டார். அது மானமுள்ள காரியம். அதைப் பாராட்டுகிறவர்கள், மாதவிடாய் என்று பெண்ணை மூலையில் உட்கார வைப்பதையும், விதவையைச் சுபகாரியத்தில் ஒதுக்குவதையும் அதே வாயால் கண்டிப்பார்களா? ஹரிகா அம்மையார் மாமல்லபுரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாய் ஆடி, இந்தியப் பெண்கள் கோஷ்டியுடன் பதக்கம் வாங்கினார். "இந்த நேரத்தில் வெளியே போகலாமா, திருஷ்டி படாதா?" என்று நமது வீட்டுக் கிழவிகள் சொல்வதைக் கேட்டிருந்தால் அந்தப் பதக்கம் ஏது? மேலும், தானாக விரும்பி முக்காடிட்டு ஆட வருகிற பெண்ணை, முக்காட்டைக் கழற்றினால்தான் பலகை என்று சொல்வதும் இதே அக்கிரமந்தான். துணியைப் போடு என்பதும், துணியை எடு என்பதும் அவளல்லாத வேறொருவர் சொல்லுகிற வரையில் இரண்டும் அடிமைத்தனமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரப்புள்ளிக்கு ஜாதி தெரியாது என்றோம். ஆனால் அந்தப் புள்ளியைச் சம்பாதிப்பதற்குப் பந்தயக் கட்டணம் வேண்டும், ரயில் செலவு வேண்டும், ஆசிரியர் வேண்டும். கிராமத்துக் கூலிக்காரன் மகளுக்கு இவை எங்கிருந்து வரும்? முக்காடு ஒரு தடையென்றால் வறுமையும் ஒரு தடைதான். அதை நீக்குவது சர்க்காரின் கடமையும், சங்கங்களின் கடமையுமாகும்.

முடிவாக நாம் சொல்வது இதுதான். ஒரு கோஷ்டியிலிருந்து ஒருவரை எடுத்தால், அவர் ஆட்டத்தில் என்ன குறை, அவருக்குப் பதிலாக வந்தவரின் ஆட்டத்தில் என்ன நிறை என்று ஊரறியச் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் அதைக் கேட்டு எதிர்வாதம் செய்ய இடமிருக்க வேண்டும். சதுரங்கத்துக்கு மாத்திரமல்ல, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கமிட்டிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஆள் பொறுக்கும்போது இதையே கேளுங்கள். வேலைக்கு வேண்டியது என்ன என்று கேட்காமல் தலையையும் நெற்றியையும் பார்க்கிறவன், ஆட்டம் தொடங்குமுன்பே தோற்றவனாவான்.