பாறைக் கரையும் படமும்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைப் படகிற் கடந்து சென்றால் நாம் காண்பது மணற்கரை. அதற்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள புதுவை நகர்க் கடற்கரையிலோ கற்பாறைகளே மிகுதி. மாலைதோறும் அவற்றைப் புகைப்படம் எடுக்கும் மாணவர் பலர். நமது கரை கிழக்கு நோக்கியதாகலின், கதிரவன் கடலில் மூழ்குவதில்லை. நமக்குப் பின்னே ஊர்ப்புறத்தில் மறைகிறான். அவனது செவ்வொளி கீழ்வானத்து மேகங்களிற் பட்டு, ஈரக்கற்களின்மீது படிவது கண்கொள்ளாக் காட்சியே.

ஆயினும் அக்கற்கள் இயற்கையின் கொடையல்ல. அலைகள் வீதியை அரியாவண்ணம் மனிதர் கொணர்ந்து குவித்தவை. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கிச் செல்லும் மணல் அவற்றின் தெற்கே தேங்கிற்று, நகர்க்கரை மணலிழந்தது. 2018இல் தலைமைச் செயலகத்தின் அருகே கடலடியில் எஃகுத் தடுப்பொன்று அமைத்த பின்னரே ஒரு பகுதியில் மணல் மீண்டது.

படம் எடுத்தல் வேண்டாவென்பது எமது கருத்தன்று. அழகைக் காட்டி அதன் காரணத்தை மறைக்கும் படம் குறையுடையதென்பதே எமது துணிபு. ஆதலின் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, இடமும் தேதியும் குறித்துக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பாராக. கரை தேய்வதும் வளர்வதும் பின்வருவோர்க்கு அவற்றால் விளங்கும்.