இறாலுக்குத் தமிழ்ப்பெயர் இல்லையா?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்த பேரேரி அது. ஞாயிறுதோறும் உந்துகளில் வந்திறங்கும் நகரத்தார் படகுத்துறையில் நின்று பூநாரையைப் பார்க்கின்றனர், கூழைக்கடாவைப் பார்க்கின்றனர். வயிறு பசித்ததும் அவர்களுள் பலர் வினவுவது ஒன்றே: “இங்கே சைனீசு கிடைக்குமா?”

கிடைக்கும். கிடைக்காமல் என்ன? ‘பிரைடு ரைசு’, ‘நூடுல்சு’, ‘மஞ்சூரியன்’ என்னும் பலகை தொங்காத சிற்றூர் இன்று தமிழ்நாட்டில் அரிது. இதிலே வெட்கக்கேடு என்னவென்றால், ஏரியில் பிடித்த வெள்ளை இறாலையே தட்டில் வைத்து, அதற்குப் ‘பிரான் பிரை’ என்று பெயர் சூட்டி விற்பதுதான். பிடித்தவன் தமிழன், தோலுரித்தவள் தமிழச்சி, வறுத்தவன் தமிழன், தின்பவனும் தமிழன். நடுவில் ஆங்கிலனுக்கு என்ன வேலை?

அயலுணவை உண்பது குற்றமன்று. சீனரோடும் சப்பானியரோடும் தமிழருக்குள்ள உறவு நேற்று முளைத்ததன்று. முதலாம் இராசராசன் விடுத்த தூதுக்குழு 1015இல் சீன அரசவையை அடைந்தது. சீனத்துச் சுவான்சௌத் துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. சீனத்திலிருந்து வந்த பொருளை அன்றைத் தமிழன் வாங்கினான். ஆயின் பெயரைத் தன் வாயால் வைத்தான். சீனவெடி என்றான், சீனக்காரம் என்றான். பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. சொல்லும் தமிழாய் நின்றது.

இன்றைத் தமிழன் செய்வது என்ன? சீன உணவு என்று எண்ணிக்கொண்டு ஆங்கிலச் சொல்லை விழுங்குகிறான். ‘பிரைடு ரைசு’ என்று எந்தச் சீனனும் தன் வீட்டில் சொல்வதில்லை. அவன் ‘சாவ்பான்’ என்பான். ‘நூடுல்சு’ என்பது செருமன் சொல். ஆங்கிலத்தின் வழியே வந்தது. சீனனுக்கு அது ‘மியன்’. ‘மஞ்சூரியன்’ கதையோ இன்னும் நகைப்பிற்குரியது. மஞ்சூரியா சீனத்தின் வடகிழக்குப் பகுதி. அங்கே போய் அவ்வுணவைக் கேட்டால் விழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த சீன மரபினர் ஒருவர் 1975 அளவில் மும்பையில் ஆக்கியது அது என்பர். பூக்கோசை மாவில் தோய்த்துப் பொரித்துப் பூண்டும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்தால் சீனம் வந்துவிடுமா? அடுப்பும் இந்நாட்டது, கைப்பதமும் இந்நாட்டது, பெயர்மட்டும் பொய்.

அக்கடைகளில் தூவப்படும் வெள்ளைத் தூளுக்கு ‘அசினோமோட்டோ’ என்று பெயர். சப்பானிய அறிஞர் இக்கேதா 1908இல் கடற்பாசியிலிருந்து அச்சுவையைப் பிரித்தறிந்தார். ‘சுவையின் மூலம்’ என்று தம் தாய்மொழியிலேயே அதற்குப் பெயர் அமைந்தது. அயலார் நாவில் தம் மொழி ஏறவேண்டும் என்னும் துணிவு அவர்களுக்கு இருந்தது. பொன்னேரித் தள்ளுவண்டிக்காரரும் இன்று அச்சொல்லைப் பிழையின்றிச் சொல்கிறார்!

சப்பானியர் செயலில் இன்னொன்றையும் நோக்குக. அங்கே வீடுதோறும் உண்ணப்படுவது ‘கரே’. அது தமிழின் ‘கறி’யே. ஆங்கிலர் வழியாய்ச் சென்றாலும், சப்பானியர் அதைத் தம் எழுத்தில் எழுதித் தம் ஒலிக்கு இசைய வழங்குகின்றனர். ‘தெம்புரா’வும் அத்தகையதே: 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகேசியர் கொண்டுசென்ற பொரியல்முறை. அதே நூற்றாண்டில் அப் போர்த்துகேசியர் பழவேற்காட்டிலும் குடியிருந்தனர். சப்பானிய மொழியும் தமிழும் உறவின என்றுரைத்த சுசுமு ஓனோவின் கொள்கையை மொழியறிஞர் பலர் ஏற்றிலர், அது நிற்க. மொழியுறவு இல்லாவிடினும் மொழிமானத்தைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

“உணவுப் பெயரை மொழிபெயர்க்க முடியுமா? தோக்கியோவிலும் இட்டலி இட்டலிதானே?” என்று கேட்பார் உளர். கேள்வி நேரியது. மெய்யான சீன உணவு சீனப் பெயரோடும், மெய்யான சப்பானிய உணவு சப்பானியப் பெயரோடும் வருக. தமிழொலிக்கு இசைய எழுதுவோம் என்றால் மறுப்பார் யார்? ‘சூசி’யை ‘சூசி’ என்றே சொல்லட்டும். ஆனால் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் எந்த நாட்டிலிருந்து இறக்குமதியாயின? ‘கிராப்’ என்றும் ‘பிசு’ என்றும் அவற்றை அழைக்க எந்த மொழிபெயர்ப்புச் சிக்கல் குறுக்கே நிற்கிறது?

பெயர் போனபின் பொருளும் போகிறது என்பதற்குப் பழவேற்காடே சான்று. 1970களிலும் 80களிலும் இந்திய இறாலைப் பெரிதும் வாங்கியது சப்பான். இன்று அமெரிக்காவும் சீனமும் முன்னிற்கின்றன. ஏரியின் சேற்று நண்டு, கால்கள் கட்டப்பட்டு உயிரோடு வானூர்தி ஏறிச் சிங்கப்பூர் செல்கிறது. அங்குள்ள சீன உணவகத்தில் ஒரு நண்டிற்கு வாங்கும் விலையைக் கேட்டால் கூனங்குப்பத்து மீனவர் நம்பமாட்டார். பெரிய இறால் பனிக்கட்டிப் பெட்டிக்கு. பொடி இறால் குழம்பிற்கு. வலைக்கும் படகிற்கும் தரகரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் சொன்ன விலைக்கே தரவேண்டும். இடுப்பளவு நீரில் அமர்ந்து, கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கவ்விய பனையோலைப் பறியில் போடும் இருளர் குடும்பங்களுக்கு அந்த முன்பணமும் இல்லை.

இவ்வேரி மீனவர் கல்லாதவர் என்று எண்ணவேண்டா. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊரார் இறால் பிடிக்கும் இடங்களைக் குலுக்கல் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட ஏற்பாட்டிற்குப் ‘பாடு’ என்று பெயர். உழைப்பும் பாடு, உழைப்பின் பங்கும் பாடு. அயல்நாட்டு ஆய்வாளர் தம் நூல்களில் அச்சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுகின்றனர். இரண்டெழுத்தில் ஓர் ஆட்சிமுறையை அடக்கிய மக்களின் பிள்ளைகள், துறையோரக் கடையில் தம் தந்தையர் பிடித்த இறாலை ‘பிரான்’ என்று சொன்னால்தான் மதிப்பு என்று கற்றுக்கொள்கிறார்கள். நூடுல்சுக்கு ஏங்கும் அப்பிள்ளைகளிடம், இடியாப்பமும் இழையுணவுதான் என்று சொல்வாரும் இலர்.

பழவேற்காட்டுக் கடைக்காரர் ஒருவர் நாளைக் காலையே இதைத் தொடங்கலாம். அரசாணை வேண்டா, பொருட்செலவும் பெரிதில்லை. ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி. இறால் வறுவல், நண்டுக் குழம்பு, மடவை மீன் குழம்பு, கொடுவா வறுவல், வறுத்த சோறு. அவற்றின் எதிரே, நேற்று எழுதியிருந்த அதே விலை.