ஆண்டுதோறும் புது புராசசர்: நமக்கு உண்மையிலேயே தேவையா?

கியா பார்மில் காய்கறிக் கடை நடத்தும் குடும்பமோ, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பமோ, பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்த பெரிய செலவு லேப்டாப்தான். ஒரு தடவை வாங்கினால் படிப்பு முடியும் வரை தாங்கணும். ஆனால் கடையில், "இது போன வருஷ மாடல், புதுசு வந்துடுச்சு" என்பார்கள்.

நிறுவனங்கள் இன்னும் அடிக்கடி புராசசரை மாற்ற வேண்டுமா? அல்லது இந்த வேகமே அதிகமா?

இதுவரை எப்படி நடந்தது?

இன்டெல் 2007-இல் ஒரு கால அட்டவணையை அறிவித்தது. ஒரு முறை சிப்பின் அளவைச் சுருக்குவது, அடுத்த முறை அதன் வடிவமைப்பை மாற்றுவது. 2016-இல் அந்த அட்டவணையைக் கைவிட்டது. 14 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 2015-இல் வந்த டெஸ்க்டாப் சிப்புகளுக்குப் பிறகு, 2021 வரை அதே தொழில்நுட்பம்தான். பெயரில் மட்டும் 'தலைமுறை' ஏறிக்கொண்டே போனது.

பெரிய மாற்றம் எப்போ வந்தது தெரியுமா? 2017-இல் ஏஎம்டி நிறுவனம் ரைசன் சிப்புகளோடு போட்டிக்கு வந்தபோது. அதே ஆண்டில் இன்டெல், சாதாரண டெஸ்க்டாப் ஐ7 சிப்பை நான்கு கோரிலிருந்து ஆறு கோராக உயர்த்தியது. முன்னேற்றத்தைக் கொண்டுவந்தது காலண்டர் இல்லை, போட்டி.

எண் புதுசு, சரக்கு பழசு

2023 அக்டோபரில் வந்த இன்டெல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள், பெரும்பாலும் 13-ஆம் தலைமுறையின் சிறு திருத்தமே. ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ 2022-இல் வந்தது. ஆனால் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. ஆண்டுக்கு ஒரு முறை எதையாவது வெளியிட்டே ஆகணும் என்றால், இப்படித்தான் ஆகும்.

அப்போ மெதுவாகவே வரட்டுமா?

அதுவும் ஆபத்துதான். ஆப்பிளின் மேக் புரோ 2013-இல் வந்தது. அடுத்த புது மாடல் வந்தது 2019-இல். நடுவில் வாங்கியவர்கள் பழைய தொழில்நுட்பத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

ஆயுளை முடிவு செய்வது யார்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். 8-ஆம் தலைமுறை வெளியானது 2017 ஆகஸ்டில். அதாவது 2017-இல் ஒரே கடையில் வாங்கிய இரண்டு லேப்டாப்பில், ஒன்று தப்பிக்கிறது, இன்னொன்று ஒதுக்கப்படுகிறது. இரண்டுமே இன்னும் நன்றாக ஓடலாம்!

ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட்டால் அது எங்கே போகும்? 2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐநா அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான்.

மலேசியாவுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1972 முதல் பினாங்கில் இன்டெல் ஆலை இயங்குகிறது. சிப் விற்பனை வேகமாக இருந்தால் அங்கே வேலை கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த விற்பனை, வாங்குபவரைக் குழப்பி வர வேண்டியதில்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியது 'இன்னும் அடிக்கடி' என்பது இல்லை. உண்மையான மாற்றம் இருந்தால் மட்டும் புதுப் பெயர். வாங்கும்போதே, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி. இந்த இரண்டும்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• புராசசரின் முழு எண்ணைக் கேளுங்கள். அது வெளியான ஆண்டையும் வடிவமைப்பையும் போனிலேயே தேடிப் பாருங்கள்.

• பட்ஜெட் குறைவா? போன வருஷ சிப்போடு 16 ஜிபி ரேம் கிடைத்தால், புது சிப் 8 ஜிபியைவிடப் பெரும்பாலும் அது நல்ல தேர்வு.

• ரேமும் பேட்டரியும் பிறகு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

• ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சொந்தப் பயனுக்கு வாங்கும் கணினி, வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை விலக்குக்குள் வரும்.

• விண்டோஸ் 10 கணினி கையில் இருக்கிறதா? கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. புதுசு வாங்க அவசரப்பட வேண்டாம்.