நந்தி ஏன் திரும்பி இருக்கிறது?



சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள்வழிப் பேரனை அழைத்துக்கொண்டு வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் திருக்கோயிலுக்குச் சென்றிருந்தேன். அவனுக்கு வயது ஏழு. அம்பத்தூர்வாசிகளான எங்களுக்கு அது பக்கத்து ஊர். சன்னிதியின் முன் வந்ததும் பையன் நின்றுவிட்டான். "தாத்தா, நந்தி ஏன் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு?" என்று சற்று உரக்கவே கேட்டான். அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "கோயில்ல சத்தம் போடக்கூடாது. கையைக் கூப்பிக் கும்பிடு" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவனும் கும்பிட்டான்.

தை வெள்ளியன்று கோயிலுக்குப் புறப்படச் சொன்னபோது, "நான் வரலை" என்றான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. மறு வாரமும் அதே பதில். கைப்பேசி விளையாட்டுத்தான் காரணம் என்று நானே முடிவு கட்டி, மகளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "அப்பா, நீங்க அவன்கிட்ட பேசறதே இல்லை. ஒண்ணு, வேலை சொல்றீங்க, இல்லேன்னா விசாரணை பண்றீங்க" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் சொன்னது மெய்தானா என்று மறுநாள் முழுவதும் என் பேச்சை நானே கவனித்தேன். "பல் தேய்த்தாயா, வீட்டுப்பாடம் முடிந்ததா, தேர்வில் எத்தனை மதிப்பெண், திருநீறு எங்கே?" என்று காலை முதல் இரவு வரை இவைதாம். பதிலுக்கு அவன் பேசியவை "ம்", "ஆச்சு", "தெரியாது". வெளிநாட்டிலுள்ள பேரக்குழந்தைகளுடன் காணொளியில் பேசும் அன்பர்களுக்கு இந்த மூன்று சொற்களும் பழக்கமானவையாகவே இருக்கும். "சாப்பிட்டாயா?" என்ற கேள்வி முடிந்ததும் இரு பக்கமும் பேச்சற்றுப்போய், பிள்ளை கைப்பேசியைத் தாயிடம் நீட்டிவிடும்.

நாம் வளர்ந்த விதம் அப்படி. என் தந்தையாரிடம் நான் நேராக எதுவும் கேட்டதில்லை. சுற்றுலாவுக்குப் பணம் வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் மனு போகும். அதை மரியாதை என்றோம், மரியாதைதான். ஆனால் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை நான் அறியேன் என்பதும் உண்மை.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். கைநாட்டு வைக்க வரும் மூதாட்டியிடம் ஒரு விதமாகவும், தொழிற்பேட்டையிலிருந்து கடன் கேட்டு வரும் பட்டறை முதலாளியிடம் வேறு விதமாகவும் பேசக் கற்றிருந்தேன். மூதாட்டியிடம் வட்டி விகிதத்தைச் சொல்லிப் பயனில்லை; "ஆயிரம் போட்டா வருஷக் கடைசியில கையில எவ்வளவு வரும்" என்று சொல்ல வேண்டும். முன்பின் அறியாதவர்களுக்காக மொழியை மாற்றிக்கொண்ட எனக்கு, சொந்தப் பேரனுக்காக மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

இதை எண்ணும்போது குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா நினைவுக்கு வருகிறார். அவரும் எம்மைப் போல வங்கி ஊழியர்தாம். இந்தியன் வங்கியில் பணியாற்றினார். 1922இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தவர். பகலெல்லாம் பேரேடும் கையெழுத்துமாக இருந்த மனிதர், பிள்ளைகளுக்காக எழுதும்போது அவர்கள் வாயில் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாகவும் இருந்தார். பிள்ளைகளிடம் பேசுவது தனியே கற்க வேண்டிய ஒன்று என்பதை உணர்ந்தவர் அவர். எனக்கு அது பணி ஓய்வுக்குப் பிறகே புரிந்தது.

பூந்தமல்லிக்கு அருகே, நமக்கு அண்டை ஊரான குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் இதைப் பெரியபுராணத்தில் காட்டியிருக்கிறார். சீகாழித் திருக்குளத்தில் தந்தை சிவபாத இருதயர் நீரில் மூழ்கியிருக்க, கரையில் நின்ற மூன்று வயதுக் குழந்தை அழுதது. அம்மை ஞானப்பாலை ஊட்டினாள். இதை நாமெல்லாம் அறிவோம். பின்பு நடந்ததைத்தான் நான் இத்தனை நாள் கவனிக்காமல் கடந்துவந்தேன். கரையேறிய தந்தை, பிள்ளையின் கடைவாயில் பாலைக் கண்டார். யார் கொடுத்த எச்சிலோ என்ற அச்சம். உடனே ஒரு சிறு கோலை எடுத்து ஓச்சி, பால் கொடுத்தவரைக் காட்டு என்று அதட்டினார். அவர் கொடியவர் அல்லர். பிள்ளைமேல் கொண்ட அக்கறைதான் அவர் கையில் கோலைக் கொடுத்தது. என் அதட்டலும் அந்த வகையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும், குழந்தை விரல் நீட்டி இறைவனைக் காட்டிப் பதிகம் பாடியபோது அந்தத் தந்தை கேட்டார். பிற்பாடு, கோல் பிடித்த அதே தந்தை அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்து தலயாத்திரை சென்றார்.

என்னால் பேரனைத் தோளில் சுமக்க இயலாது. முழங்கால் இடம் கொடுக்காது. அவன் தரையில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது நானும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அருகே அமர்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வாயைக் கட்டுவது எத்தனை கடினம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பத்து நிமிடம் கழித்து அவனே, "இது புல்டோசர் தாத்தா" என்றான். "இது எப்படி மண்ணை அள்ளும்?" என்று கேட்டேன். விடை தெரியாமல் கேட்ட கேள்வி அது. மதிப்பெண்ணைப் பற்றியதும் அன்று. அவன் கால் மணி நேரம் விளக்கினான்.

அவன் முடித்த பிறகு, "அன்னிக்குக் கோயில்ல நீ நல்ல கேள்வி கேட்டே. நான்தான் பதில் சொல்லாம அதட்டிட்டேன். தப்பு என்மேலதான்" என்றேன். பேரனிடம் தவற்றை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று என் நண்பர்கள் சிலர் எண்ணுகிறார்கள். ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஒருவர், "நம்ம காலத்தில உண்டா இதெல்லாம்?" என்று சிரித்தார். சுவாமிமலையில் தகப்பனே பிள்ளைமுன் சீடனாக அமர்ந்ததை அவருக்கு நினைவூட்டினேன்.

பிறகு பேரனுக்குக் கதையைச் சொன்னேன். குறும்பர்களோடு பொருது களைத்த தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்கியதையும், அவன் வாளால் வெட்டியபோது உள்ளிருந்த சிவலிங்கத்தில் குருதி கசிந்ததையும், அவன் தன் தலையையே அரிந்துகொள்ளத் துணிந்தபோது இறைவன் தடுத்து, வெட்டுண்டாலும் தாம் மாசற்ற மணியே எனத் தேற்றியதையும், துணைக்கு நந்தியை அனுப்பியதையும் சொன்னேன். போருக்குப் புறப்பட்ட கோலத்தில்தான் நந்தி வெளிப்புறம் நோக்கி இருக்கிறது. "சாமிக்கு வலிச்சிருக்குமா?" என்று அவன் நடுவில் கேட்டான். அதனால்தான் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு என்றேன். வென்ற பின் தொண்டைமான் பகைவரின் கோட்டையிலிருந்து கொண்டுவந்த எருக்கந்தூண்கள் இரண்டும் இன்னும் சன்னிதி முன்னே நிற்பதைச் சொன்னதும், பார்க்க வேண்டும் என்றான்.

அடுத்த ஞாயிறு, நான் அழைக்காமலே அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கோயிலில் எருக்கந்தூண்களை நெடுநேரம் பார்த்தான். பிறகு நந்தியைச் சுற்றி வந்து, இம்முறை என் காதருகே மெல்லக் கேட்டான்: "சண்டைதான் முடிஞ்சுபோச்சே தாத்தா. அப்புறமும் நந்தி ஏன் சாமி பக்கம் திரும்பலை?"

அறுபத்தெட்டு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி. "எனக்குத் தெரியலைப்பா. குருக்களைக் கேட்போமா?" என்றேன். உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை இருவரும் மண்டபத் தூணருகே அமர்ந்து காத்திருந்தோம். அவன் ஒரு விடையை ஊகித்துச் சொன்னான். நானும் ஒன்று சொன்னேன். என்னுடையது சரியில்லை என்றான்.