மலையாளி என்றால் கேரளாவா?

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் "மலையாளப்பட்டி" என்று பலகை மாட்டிய பேருந்தைப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான்: "என்னடா, இங்க கேரளாக்காரங்க நிறைய இருக்காங்களா?" நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற இன்னொரு நண்பன் சிரிக்கவில்லை. அவன் பச்சைமலைக்காரன். சாதிச் சான்றிதழுக்காக அலைந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவரும் அவனிடம் இதையேதான் கேட்டாராம். "தமிழ்தான் பேசுற, அப்புறம் எப்படி மலையாளி?"

வணிகவியல் படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அன்று சிரித்ததற்குப் பரிகாரமாகத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலைவாசி. அவ்வளவுதான். பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை என்று பல மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலையாளிகள். மாநிலத்திலேயே பெரிய பழங்குடி இவர்கள்தான். ஆனால் அடிவாரத்தில் இருக்கும் நமக்கே பெயர் புரியவில்லை!

நம் ஊர் வெள்ளாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே ஓடிவரும் சுவேத நதி, வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வடக்கு எல்லையை ஒட்டி ஓடி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்க வரலாறு நமக்கு மனப்பாடம். சாத்தனூர் கல்மரத்துக்குச் சுமார் 12 கோடி வயது என்போம். ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் என்போம். மலை மேல் இருக்கிற மனிதர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி தெரியாது. அவர்கள் கல்லில் எழுதி வைக்கவில்லை, வாயால் சொல்லி வைத்தார்கள்.

என்ன சொன்னார்கள்? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் அந்தக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தார்களாம். பெரியவன் சேர்வராயன் மலைக்கும், நடுவன் கொல்லிமலைக்கும், சின்னவன் பச்சைமலைக்கும் போனார்களாம். இன்றைக்கும் பச்சைமலையில் வண்ணாடு, தென்புறநாடு என்று "நாடு" கணக்கில்தான் ஊர்களைச் சொல்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். "பார்த்தீர்களா, கீழே இருந்து போனவர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பேருக்குப் பின்னால் கவுண்டர் என்றும் போட்டுக்கொள்கிறார்கள். இவர்கள் எப்படிப் பழங்குடி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நியூசிலாந்தைப் பாருங்கள். மாவோரி மக்களும் படகேறி வந்த கதையைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்கள் அங்கே வந்து சுமார் 700 வருடம்தான் ஆகிறது. அவர்களைப் பூர்வகுடி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய வாங்கனுயி ஆற்றை ஒரு சட்ட ஆளாகவே 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, எப்போது வந்தாய் என்பது முழுக் கேள்வி இல்லை. அந்த மண்ணோடு உனக்கு என்ன உறவு, பிறகு யார் வந்து அதைப் பிடுங்கினார்கள் என்பதும் சேர்ந்ததுதான் கேள்வி.

பிடுங்கிய கதைக்குத் தேதி இருக்கிறது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போட்டார்கள். சாமையும் தினையும் விதைத்து, தேன் எடுத்துப் பிழைத்தவர்கள் சொந்தக் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். இது வரலாற்று அநீதி என்று 2006 வன உரிமைச் சட்டத்தின் முகப்பே ஒப்புக்கொள்கிறது. அதன் பிறகும் தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால், 2016இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கும்வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். அந்தச் சட்டப்படி பட்டியல் பழங்குடி என்றால் 13.12.2005க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத வனவாசி என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டியலிலோ மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன. நம் மாவட்டங்கள் திருச்சியிலிருந்து பிரிந்தவை என்பதால் என் நண்பன் தப்பித்தான். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த ஈரோடு பர்கூர் மலையின் மலையாளிகள் அதில் வரவில்லை. பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே பெயர். இடையில் மாவட்டக் கோடு!

எங்கள் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது ஆரம்ப இருப்பு. அதைத் தப்பாக எழுதினால் கடைசிவரை கணக்கு நேராகாது. மலை மக்களுக்கு 1882இல் புதிதாகப் புத்தகம் திறந்து, ஆரம்ப இருப்பு பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள். இன்று வரை நாம் அதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்? பட்டியலில் மாவட்டப் பெயரைப் பார்க்காமல் மக்களைப் பார்க்கலாம். கல்மரத்தைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போகும் பள்ளிகள் பச்சைமலைக்கும் ஒருநாள் கூட்டிப்போகலாம். அங்கே பெரியவர்கள் சொல்லும் கதையை உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். அவர்கள் போய்விட்டால் அந்தக் கதையும் போய்விடும்.

குறைந்தபட்சம், அடுத்தமுறை யாராவது "மலையாளின்னா கேரளாவா?" என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லலாம். நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.